பிராணவாயுவும் மூளையும்

ஒரு பொருளுக்கு நல்ல பெயர் வாய்த்துவிடின், அதன் குணத்தையும் குற்றத்தையும் ஆராயும் கவலை மக்களுக்குப் பெரும்பாலும் ஒழிந்துவிடுகின்றது. காற்றில் நூற்றுக்கு 21 பங்காக நின்று நம்மை வாழ்விக்கும் வாயுவுக்கு நம்மவர் பிராணவாயு என்று பெயரிட்டனர். வடசொல்லை விரும்பாதார் உயிர்வளி என்றனர். சொல் இரண்டாயினும் பொருள் ஒன்றே. மேனாட்டார் இட்ட பெயரோ வேறு வகையது. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு இரசாயன அறிஞர் லவாய்சியர், புளிப்புத்தன்மையுடைய பொருள்களெல்லாம் இவ்வாயுவினாலேயே உண்டாகின்றன என எண்ணி, 'புளிப்பைப் பிறப்பிப்பது' என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களைக்கொண்டு ஆக்ஸிஜன் என்றார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இவ்வாயு சிறிதும் இல்லையென்று பின்னர் டேவி என்னும் ஆங்கில அறிஞர் காட்டவே, அப்பெயர் பிழைபட்டது. பிழைபட்டும் அதனால் எவர்க்கும் ஊறில்லை. நாம் இட்ட பெயரோ பிழையற்றது. ஆயினும் பாதி உண்மையையே கூறுவது. கூறாது விட்ட மற்றைப் பாதியினால் மக்களுக்கு ஊறு நேரக்கூடும் என்பதே இக்கட்டுரையில் யான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று நம் விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். மருந்தைப்பற்றித் தீர்ப்புக் கூற எனக்கு உரிமையில்லை. சொல்லைப்பற்றிப் பேச உண்டு. 'இது மருந்தன்று, வெறும் காற்றுதானே. பிராணவாயுவினால் கெடுதி வருமா?' என்னும் எண்ணத்தை மக்கள் மனத்தில் ஊன்றியே இக்காலத்தில் பல நாடுகளில் ஒரு வாணிகம் நடைபெறுகின்றது. அவ்வெண்ணத்தைப் பிரித்துப் பார்த்தல் எங்கள் வகுப்புக்கும் உரிய வேலையே.

இக்காலத்து வைத்தியத்தில் ஹைப்பர்பாரிக் சிகிச்சை என்று ஒன்று உண்டு. மிகையழுத்தப் பிராணவாயு சிகிச்சை என்று தமிழிற் கூறலாம். காற்றுப் புகாத உறுதியான அறையொன்றிலோ, ஒருவர் மட்டும் படுக்கத்தக்கதாய்க் கண்ணாடிக் குழாய்போல் ஒளி ஊடுருவும் கூட்டிலோ நோயாளியை வைத்து, உள்ளே அழுத்தத்தை நிலத்தின்மேல் நாம் உணரும் அழுத்தத்தைப்போல் 2 மடங்கு முதல் 3 மடங்கு வரையில் உயர்த்தி, கலப்பற்ற பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்வர். ஒரு முறைக்கு ஏறக்குறைய 60 முதல் 90 நிமிடம் செல்லும். நாட்பட்ட புண்ணுக்கு இங்ஙனம் 20, 30, 40 முறை வரையிலும் செய்வதுண்டு. சென்னை முதலிய நகரங்களின் பெரிய வைத்தியசாலைகளிலும் இவ்வறைகள் உள்ளன.

இதன் உள்ளீடு எளிய கணக்கு. சாதாரணக் காற்றின் அழுத்தத்தை 1 என்று கொண்டால், அதில் பிராணவாயுவின் பங்கு 0.21. அறைக்குள் 2.5 மடங்கு அழுத்தத்தில் கலப்பற்ற பிராணவாயுவை உட்கொள்வானுக்கு அப்பங்கு 2.5 ஆகின்றது. இரண்டிற்குமுள்ள வேறுபாடு ஏறக்குறைய 12 மடங்கு. இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் சாதாரணக் காற்றிலேயே தங்கள் கொள்ளளவுக்குச் சற்றே குறைய நிறைந்திருத்தலால், மேலும் வருவதை அவை ஏற்கமாட்டா. ஆகவே மிகுதியான வாயு, சோடா நீரில் வாயு கரைந்து நிற்றல்போல, இரத்தத்தின் நீர்ப்பகுதியிற் கரைந்து செல்கின்றது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இங்ஙனம் கரைந்திருப்பது இயல்பாக 0.3 மில்லிலிட்டர் அளவே. 3 மடங்கு அழுத்தத்தில் அது ஏறக்குறைய 6 மில்லிலிட்டர் ஆகிறது. ஓய்ந்திருக்கும் உடலுக்கு அவ்வளவே போதும். ஆம்ஸ்டர்டாம் நகரத்து அறுவை வைத்தியர் போரெமா என்பார், பன்றிகளின் இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை ஏறக்குறைய முற்றும் நீக்கியும் இம்முறையால் அவற்றை உயிரோடு வைத்திருந்ததை 1960-ல் வெளியிட்டார். 'இரத்தமின்றி உயிர்' என்பது அவ்வறிக்கையின் பெயர்.

ஆதலின் இச்சிகிச்சையை யான் இகழ எண்ணுகின்றேன் என்று எவரும் கொள்ளற்க. ஆழ்கடலிலிருந்து விரைந்தேறிய முக்குளிப்போரின் குருதியில் நைட்ரஜன் குமிழிகள் தோன்றி உயிருக்கு இறுதி தேடும்போது, அவர்க்கு இதனின் மிக்க உதவியில்லை. அடைத்த அறையிற் கரியடுப்பு எரிந்ததனால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவை உட்கொண்டு மயங்கியவர்க்கும், தசை அழுகி அதனுள் வாயு கட்டும் கொடும் புண்ணுடையார்க்கும், புற்றுநோய்க்காகக் கதிரியக்கம் பெற்றதனால் தாடையெலும்பு பழுதுபட்டார்க்கும், நீரிழிவினால் காற்புண் ஆறாது கால் இழக்கும் நிலையில் உள்ளார் சிலர்க்கும் இது பயன்படுகின்றது. பயன் மெய். பயனைக் கூறும் வாய் அதனோடு கூற வேண்டிய மற்றொன்றை விழுங்கிவிடுவதே என் குறை.

அம்மற்றொன்றை முதலிற் கண்டவர் பால் பேர் என்னும் பிரெஞ்சு அறிஞர். காற்றழுத்தத்தைக் குறித்து அவர் 1878-ல் வெளியிட்ட நூல் 1,000 பக்கத்துக்கு மேற்பட்டது. வானம்பாடி முதலிய சிறு பறவைகளையும் நாய்களையும் அழுத்த அறையில் வைத்து அவர் ஆராய்ந்தார். பிராணவாயுவின் அழுத்தம் மிகுந்தபோது அவ்வுயிர்கள் நன்றாகத் துள்ளி விளையாடும் என்று நம் பெயரை நம்பினோர் எதிர்பார்ப்பர். அவையோ வலிப்புக் கண்டு துடித்தன. அழுத்தமே இதற்குக் காரணமோ என ஐயுற்றுச் சாதாரணக் காற்றையும் பன்மடங்கு அழுத்திப் பார்த்தார். காற்றிற் பிராணவாயு ஐந்தில் ஒரு பங்கேயாதலின், ஏறக்குறைய ஐந்து மடங்கு மிகுதியாக அழுத்தினாலன்றிக் காற்றில் அவ்வலிப்புத் தோன்றவில்லை. ஆகவே அழுத்தம் வெறும் வண்டியே, அதில் ஏறிவரும் பிராணவாயுவே நஞ்சு என்பது தெளிவாயிற்று. இன்றும் இவ்விளைவுக்கு அவர் பெயரே வழங்குகின்றது.

மூளையில் நிகழ்வதைச் சுருக்கிக் கூறுவேன். பிராணவாயு மிகுந்தவிடத்து, அதிலிருந்து எதனோடும் விரைந்து தாக்கிப் பொருந்தும் இயல்புடைய துணுக்குகள் உடலில் மிகுதியாகப் பிறக்கின்றன. இயல்பான அளவில் பிறப்பவற்றை அடக்கும் காவல் உடலுக்கு உண்டு. அளவு கடந்தால் அக்காவல் தளர்கின்றது. மூளை முதலில் தன் இரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொண்டு வெள்ளம் புகாதபடி மடையடைக்கின்றது. சிறிது நேரம் அம்மடை நிற்கும். பின்னர் குழாய்கள் மீண்டும் விரிந்து, வாயு மிகுந்த இரத்தம் உள்ளே பெருகுகின்றது. நரம்புகளை அமைதியில் நிறுத்தும் பொருளும் மூளையிற் குறைகின்றது. அதன்மேல் வலிப்பு. மடை எத்தனை நிமிடம் நிற்கும்? இதுவே கேள்வி, விடையோ ஒருவர் கையிலும் இல்லை.

இல்லை என்பதை நிலைநாட்டியவர் கென்னத் டொனால்டு என்னும் ஆங்கிலக் கடற்படை வைத்தியர். இரண்டாம் உலகப்போரில், பகைவர் கப்பலின் அடியில் வெடி பொருத்தச் செல்லும் வீரர், நீர்மேற் குமிழி தோன்றி காட்டிக்கொடுக்காதபடி, கலப்பற்ற பிராணவாயுவைச் சுவாசித்து நீருள் சென்றனர். அவர்களுள் சிலர் பயிற்சித் தொட்டியிலேயே உணர்விழந்து வலிப்புற்றனர். தொட்டியின் அடியில் 'ஆக்ஸிஜன் பீட்' என்றொரு பூதம் பதுங்கியிருந்து ஏமாந்தவரைப் பிடிக்கின்றது என்று வீரர்கள் தங்களுக்குள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டனராம். பேய் பிடித்தது என்று நம் நாட்டுப்புறத்தார் வலிப்பைக் கூறுவதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை! டொனால்டு 1942 முதல் போர் முடியும் வரையில் இதனை ஆராய்ந்து 1947-ல் வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் ஒன்று நம் சிந்தைக்குரியது. ஒரே மனிதர், 70 அடி ஆழத்துக்கு ஒத்த அதே அழுத்தத்தில், மூன்று மாதத்திற்குள் பலமுறை பிராணவாயுவைச் சுவாசித்தார். ஒரு நாள் 7 நிமிடத்தில் நச்சுக்குறி தோன்றிற்று. வேறொரு நாள் 148 நிமிடம் ஆயிற்று. மனிதர்க்கு மனிதர் வேறுபடுதல் இயல்பு என்று விடலாம். ஒருவரே நேற்றைக்கும் இன்றைக்கும் இருபது மடங்கு வேறுபடுவாராயின், 'போன முறை எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்னும் சான்றுக்கு என்ன மதிப்பு?

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரையும் நினைத்தல் தகும். 1939 ஜூன் மாதம் 'தீட்டிஸ்' என்னும் ஆங்கில நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டனர். அவர்கள் எவ்வாறு தப்பியிருக்கக்கூடும் என்று ஆராயும் வேலை ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் பேராசிரியரிடம் வந்தது. அவர் பிற உயிர்களைத் தேடாமல் தாமும் தம் நண்பருமே அழுத்த அறைக்குள் அமர்ந்து தம்முடலையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். மிகையழுத்தப் பிராணவாயுவினால் அவர்க்கு வலிப்புக் கண்டது. அவ்வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பின் கணுக்கள் நசுங்கின. அதன் நோவு அவரை நீங்கவில்லை. இவரே 1957-ல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் அமர்ந்து, பின்னர் இந்நாட்டுக் குடியுமாகி, 1964-ல் புவனேசுவரத்தில் உயிர்நீத்தார். பிராணவாயு தீங்கு செய்யாது என்று கூறுவார் எவரும் ஹால்டேனின் முதுகெலும்பை ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று.

போர்க்காலத்து நீருள் உழைத்த வீரனும், இக்காலத்து வைத்தியசாலையில் உலர்ந்த அறையிற் படுத்திருக்கும் நோயாளியும் ஒருவரல்லர் என்று மறுப்பார் உளர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. நீருள் உழைப்பவனுக்குக் கரியமில வாயு உடலில் மிகுந்து மூளைக்குழாய்களை விரிக்கின்றது. ஆகவே அவன் விரைவில் வலிப்படைகின்றான். ஓய்ந்து படுத்திருப்பவன் அதைவிட மிகுதியான அழுத்தத்தைத் தாங்குவான். மேலும் வைத்தியர்கள் டொனால்டின் பாடத்தைக் கற்று, இடையிடையே சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் செய்து மூளைக்கு ஓய்வளிக்கின்றனர். அமெரிக்கக் கடற்படையார் முக்குளிப்போர்க்கு வகுத்த முறையில், 2.8 மடங்கு அழுத்தத்தில் 20 நிமிடம் பிராணவாயு, 5 நிமிடம் காற்று என்று மாறிமாறி வருகின்றது. இவற்றாலெல்லாம் வைத்தியசாலைகளின் கணக்கில் வலிப்பு அரிதாகவே காணப்படுகின்றது. பல இடத்துக் கணக்குகளை நோக்கின், 10,000 முறை சிகிச்சையில் 1 முதல் 5 வரை என்னும் அளவிலே நிற்கின்றது. அழுத்தம் மிகுந்தவிடத்து அது மிகும். 2 மடங்கோடு நிறுத்தினாற் குறையும். நச்சுவாயுவினால் முன்னரே மூளை நொந்தவர்க்கு அதிகம். வந்த வலிப்பும், மிகையான பிராணவாயுவை நிறுத்தினால் சில நிமிடங்களில் நீங்குகின்றது; காக்கைவலிப்பு நோயாகப் பின்னர் நிலைப்பதில்லை; பெரும்பாலும் மூளைக்கு வடுவும் இல்லை. அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு அவர்க்கே சிகிச்சையைத் தொடர்வதும் உண்டு.

இவ்வளவு அரிதாயின் இத்தனை பேச்சு ஏன்? இரண்டு காரணம் உண்டு. ஒன்று, நோயாளி ஒருமுறை படுப்பதில்லை. 10,000-க்கு 1 என்னும் குறைந்த கணக்கையே கொண்டாலும், 40 முறை படுப்பவர் 250 பேரில் ஒருவர்க்கு வலிப்பு நேரும். இரண்டாவது காரணமே பெரிது. வலிப்புத் தீங்கின்றி நீங்குவது பிராணவாயுவின் கருணையால் அன்று, அருகிலிருப்பவரின் அறிவால்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, வைத்தியத்தின் உறுப்புக்களாக நோயாளி, வைத்தியர், மருந்து என்னும் மூன்றோடு நில்லாமல், உடனிருந்து கவனிப்பவரையும் நான்காவதாக வைத்தெண்ணினார். வகுப்பிற் படித்தபோது, அந்நான்காமவர்க்கு இத்துணை உயர்வு ஏன் என்று தோன்றிற்று. இவ்வறையைப்பற்றிப் படித்தபோது விளங்கிற்று. வலிப்புக் கண்டவுடன் கதவைத் திறந்து அழுத்தத்தை இறக்கவேண்டும் என்றே எவர்க்கும் கை துடிக்கும். அதுவே கொலையாகக்கூடும். வலிப்பின் முதற்பகுதியில் உடல் விறைத்து, குரல்வளை அடைபட்டு, மூச்சு உள்ளே நின்றுவிடுகின்றது. அந்நிலையில் அழுத்தத்தை 2.5-லிருந்து 1-க்கு இறக்கினால், நுரையீரலில் அடைபட்ட காற்று 2.5 மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழிக்கும். கிழிந்த வழியே குமிழிகள் குருதியிற் புகுந்து மூளைக்குச் சென்று குழாய்களை அடைக்கும். நீங்கிவிடக்கூடிய வலிப்பு, நீங்காத பக்கவாதமாக முடியும். அறிந்தவர் செய்வது யாதெனில், அழுத்தத்தைத் தொடாது, நோயாளியின் முகமூடியை மட்டும் நீக்கிச் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க விட்டு, விறைப்பு நீங்கி மூச்சு மீளும் வரை காத்திருத்தலே. பலர் அமரும் பெரிய அறையில் பணியாளர் உள்ளேயே இருத்தலால் இஃது இயலும். ஒருவர்க்கேயுரிய கூட்டிலோ முழுவதும் பிராணவாயுவே நிறைந்திருப்பதுண்டு. வெளியிலிருப்பவர் கை உள்ளே செல்லாது. மூச்சு மீண்டதைக் கண்ணாற் கண்டு, பின்னர் பதற்றமின்றி அழுத்தத்தை இறக்கவேண்டும். அதற்குக் கண் வேண்டும், பயிற்சி வேண்டும், முதலில் ஆள் வேண்டும். அறையைத் திருகிவிட்டு வேறு வேலை பார்க்கச் செல்லும் கடைக்காரரிடத்தில் இம்மூன்றும் உண்டோ?

வலிப்புக்கு முன் அறிகுறிகள் உண்டு என்பர். பார்வை குழாய்வழியே நோக்குவதுபோற் சுருங்குதல், காதில் இரைச்சல், குமட்டல், உதடும் கன்னமும் துடித்தல், காரணமற்ற எரிச்சலும் படபடப்பும், தலைசுற்றல் ஆகியன அவை. இவற்றுள் முகத்துடிப்பே நம்பத்தக்கது என்று சொல்லுகின்றனர். ஆயினும் பலர்க்கு இவை ஒன்றுமின்றியே வலிப்பு முதலில் வந்துவிடுகின்றது. அறிகுறி வருபவரும், அது அறிகுறியென்று முன்னரே சொல்லப்பட்டிருந்தாலன்றோ வாய் திறப்பார்?

நீரிழிவுடையார் நிலை இதனினும் நுண்ணியது. நம் நாட்டில் நீரிழிவு மிகுதி. ஆறாத காற்புண்ணுக்காக இவ்வறைக்கு வருவாருள் அவர்கள் பலர். இச்சிகிச்சையின்போது அவர்க்கு இரத்தத்திற் சர்க்கரை இறங்கக்கூடும். காலையில் இன்சுலின் ஏற்றிக்கொண்டு, அறைக்குள் போகவேண்டுமே என்று உணவைக் குறைத்துக்கொண்டு வருவாராயின், சர்க்கரை மிகத் தாழ்ந்து அதனாலேயே வலிப்பு வரலாம். பிராணவாயுவின் வலிப்புக்கும் அது வழிசெய்யும். நல்ல வைத்தியசாலைகளில் உள்ளே அனுப்புமுன் சர்க்கரையைச் சோதித்து, குறைந்திருப்பின் உணவளித்தே அனுப்புகின்றனர். காய்ச்சலுடையார், முன்னர் வலிப்புற்றார், கரியமில வாயுவை வெளிவிட முடியாத நாட்பட்ட நுரையீரல் நோயுடையார் ஆகியோரையும் தனியே ஆராய்கின்றனர்.

இனி வாணிகத்துக்கு வருவோம். இது புதியதன்று. 1928-ல் அமெரிக்காவில் கிளீவ்லந்து நகரில் கன்னிங்ஹாம் என்னும் வைத்தியர், செல்வர் ஒருவர் உதவியால், 64 அடி விட்டமுள்ள எஃகுக் கோளமொன்றைப் பல மாடிகளோடு கட்டி, அதனுட் காற்றை அழுத்தி, நீரிழிவையும் புற்றுநோயையும் தீர்ப்பேன் என்றார். சான்று எங்கே என்று அந்நாட்டு வைத்தியர் சங்கத்தார் கேட்டனர். சான்று வரவில்லை. கோளம் சில ஆண்டுகளில் ஓய்ந்து, போர்க்காலத்திற் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. கோளம் போயிற்று, எண்ணம் போகவில்லை. இன்று மூளைவாதமுற்ற குழந்தை, பேச்சும் பழக்கமும் தாமதிக்கும் ஆட்டிசக் குழந்தை, நினைவு மங்கும் முதியோர் என்று, வைத்தியம் கைவிரித்த இடங்களையெல்லாம் தேடி இவ்வாணிகம் செல்லுகின்றது. தாய் தந்தையரைக் குறைகூற என் மனம் ஒருப்படவில்லை. குழந்தைக்கு ஒரு சொல்லாவது வருமென்றால் எதைத்தான் விற்கமாட்டார்கள்?

ஆயின் உண்மை வேறு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மூளைவாதமுற்ற 111 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு 1.75 மடங்கு அழுத்தத்திற் பிராணவாயுவும், மற்றவர்க்கு 1.3 மடங்கு அழுத்தத்தில் வெறுங்காற்றும் 40 முறை கொடுத்து ஆராய்ந்ததை 2001-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. இரு பிரிவினரும் சிறிது முன்னேறினர். இருவர் முன்னேற்றத்துக்கும் வேறுபாடில்லை. பிராணவாயு மிகுதியாகப் பெற்றதனால் ஒரு மிகுதியும் கிட்டவில்லை என்பதே இதன் கருத்து. இத்தகைய நோய்களுக்கு இச்சிகிச்சையின் பயன் நிறுவப்படவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து ஆணையத்தார் 2013-ல் மக்களை எச்சரித்தனர். இருந்தும் 2025 ஜனவரியில் மிச்சிகன் மாகாணத்து டிராய் நகரில், ஐந்து வயதுச் சிறுவன் இத்தகைய கூட்டில் தீப்பற்றி மாண்டான். தீ வேறு, வலிப்பு வேறு, நான் அறிவேன். எனினும் பயன் நிறுவப்படாத நோக்கத்துக்காக ஒரு குழந்தையைப் பிராணவாயு நிறைந்த கூட்டினுள் அடைத்தல் என்னும் வேர் இரண்டுக்கும் ஒன்றே.

வீட்டிலேயே விரித்து வைக்கும் காற்றுப்பைகளும் இக்காலத்து விலைக்கு வருகின்றன. இவற்றில் அழுத்தம் 1.3 மடங்கு அளவே, பெரும்பாலும் வெறுங்காற்று. இவற்றில் வலிப்புக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்பதை நடுநிலையோடு கூறிவிடுகின்றேன். எந்த அளவு நஞ்சாகாதோ அந்த அளவு மருந்தாகும் என்பதற்கும் சான்று காட்டினாரில்லை. மருந்தாகும் அளவை விற்பவர் நஞ்சாகும் அளவையும் விற்கின்றார் என்பதே உண்மை. 2 மடங்கு அழுத்தத்துக்கு மேற்செல்லும் கூடுகளை, வைத்தியர் உடனில்லாத இடங்களில், அழகுக்கும் இளமைக்கும் என்று நடத்துவதை அரசினர் தடுத்தல் வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை.

சற்றே விலகி ஒன்று சொல்ல இடந்தருக. அழுத்தமில்லாத பிராணவாயுவும் ஒரு காலத்தில் இங்ஙனம் நம்பிக்கையால் ஊறு செய்தது. 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும், மாதம் நிறையாது பிறந்த குழந்தைகளுக்கு மேனாட்டு வைத்தியசாலைகள் தாராளமாகப் பிராணவாயு ஊட்டின. மிகுதியான வாயு விழித்திரையின் குழாய்களைக் கெடுக்க, ஏறக்குறைய 10,000 குழந்தைகள் பார்வையிழந்தனர் என்று கணக்கிட்டுள்ளனர். விழித்திரையும் மூளையின் ஒரு கிளையே என்பர் உடலியலார். அங்கே வாணிகம் இல்லை; வஞ்சனை இல்லை; அன்பே இருந்தது. நல்ல பொருளை எவ்வளவு கொடுத்தால் என்ன என்னும் எண்ணமும் இருந்தது.

'இவ்வாறெல்லாம் எழுதினால், கால் இழக்கும் நிலையிலுள்ள நோயாளி அஞ்சி இச்சிகிச்சையை விட்டுவிடமாட்டாரா?' என்று நம் ஆசிரியர் ஒருவர் என்னைக் கேட்டார். கேள்வி நேர்மையானது. ஆயினும் நம் மக்கள் அத்துணை கோழையர் என்று யான் நம்பவில்லை. அறுவைக்கு இசைபவர் மயக்கமருந்தின் அபாயத்தைக் கேட்டும் இசைகின்றனர். அஞ்சி ஓடுபவர், முன்னரே சொல்லப்பட்டவர் அல்லர். சொல்லப்படாமல், பக்கத்துப் படுக்கைக்காரர் துடித்ததைத் திடீரென்று கண்டவரே. ஒருமுறை அங்ஙனம் கண்டவர் ஊருக்குத் திரும்பிச் சொல்லும் கதையை எந்த வைத்தியசாலையும் பின்னர் அழிக்க இயலாது.

ஆங்கிலத்தில் நெருக்கமாக அச்சிட்ட தாளொன்றின் அடியிற் கையொப்பமோ கைந்நாட்டோ பெற்றுக்கொள்வது சொல்லியதாகாது. வைத்தியசாலைகளில் இப்பொருளைத் தமிழில் வாயாற் படித்துக் காட்டவேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்குத் தமிழ் போதுமோ என்று எவரும் மலைக்க வேண்டுவதில்லை. கலைச்சொல் ஒன்றும் இல்லாமல் யான் எழுதிப் பார்த்த வாசகம் இது. வைத்தியம் பயின்ற நம் பழைய மாணவர்கள் திருத்தித் தருவார்களாக.

'ஐயா, அம்மா, இவ்வறையில் நீங்கள் சுவாசிக்கப்போகும் பிராணவாயு, வெளிக்காற்றில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 12 மடங்கு. இது உங்கள் புண்ணுக்கு உதவும். அபூர்வமாய்ச் சிலர்க்கு இதனால் வலிப்பு வருவதுண்டு. வந்தாற் சில நிமிடங்களில் நீங்கிவிடும். அதுவரை உங்களைப் பார்த்துக்கொண்டே ஒருவர் இருப்பார். உதடு துடித்தாலும், பார்வை சுருங்கினாலும், காதில் இரைந்தாலும், குமட்டினாலும் உடனே கையை உயர்த்துங்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, இன்று காய்ச்சல் உண்டா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், இன்சுலின் போட்டுக்கொண்டீர்களா என்பதை உள்ளே போகுமுன் எங்களிடம் சொல்லுங்கள்.'